பெயர் இல்லாத கவர்

நான் இதுவரை செய்த மொய்க் கவர்களிலேயே அழகானது ஒரு மொய் நோட்டில் 'பெயர் இல்லை - 2001' என்று ஏறியிருக்கிறது. பச்சை மையில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில். அந்த வரி எழுதப்பட்டபோது எழுதியவருக்கு இரண்டடி தள்ளி, அதே பாயில், சில்லறையை எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷம் ஆகிறது. காகிதத்தை மடிக்க உட்காரும்போதெல்லாம் அந்த வரி வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது.

காகித வேலை எனக்குத் தொழில் இல்லை. வாரம் ஐந்து நாள் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோல். வாழ்த்து அட்டை, பரிசு கவர், பிறந்தநாளுக்குப் பெட்டி என்று எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். சென்னையில் இதற்கெல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவைச் சுற்றினால் போதும். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே நூறு ஜிஎஸ்எம்மிலிருந்து முந்நூறு வரை எல்லாத் தடிமனிலும் அட்டை கிடைக்கும், பேரமும் பேசலாம். ஆனால் தோழி கல்யாணத்துக்கு அது போதாது என்று தோன்றிவிட்டது. புதுச்சேரி போனபோது அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதத் தொழிற்சாலையில் வாங்கி, இத்தனை நாள் வெட்ட மனம் வராமல் சுருட்டி வைத்திருந்த தாளை எடுத்தேன்.

அந்தத் தொழிற்சாலை 1959-ல் ஆரம்பித்தது. மரத்தை வெட்டிக் கூழாக்குகிற கதையே அங்கே இல்லை, பருத்தித் துணிக் கழிவுதான் மூலப்பொருள். துணியைத் துண்டு துண்டாக்கி, தண்ணீரோடு சேர்த்து அடித்து அடித்துக் கூழாக்கி, அந்தக் கூழைச் சல்லடை போன்ற சட்டத்தில் தாளாக எடுத்து, துணிமேல் கவிழ்த்து, அழுத்திப் பிழிந்து, உலர்த்துவார்கள். மெஷின் பேப்பரில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாக ஓடும். அதனால்தான் கடை அட்டையை ஒரு வாக்கில் மடித்தால் வழுக்கிக்கொண்டு மடிகிறது, குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளையாகச் சிரிக்கிறது. கையால் எடுத்த தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. இப்படியும் மடிக்கலாம், அப்படியும் மடிக்கலாம். விரலால் தடவினால் துவைத்துப் பழகிய வேட்டி மாதிரி இருக்கும். வேட்டியாக இருந்ததுதானோ என்னவோ.

மூன்று சாயங்காலம் அந்த ஒரு கவருக்கு. மை தீர்ந்த ரீஃபில்லால் மடிப்புக்கோடு கீறிக்கொண்டேன். ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, தாள் ஊறியதும் ஸ்கேலை வைத்துக் கிழித்தேன், பிசிறு பிசிறாக நார் தெரியும் ஓரம் வந்தது. முன்பக்கம் கோலம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் கோலத்தை வெட்டி, அதன்மேல் தாளை வைத்துப் பின்பக்கமிருந்து தேய்த்தால், வண்ணமே இல்லாமல் கோலம் மேடாக எழும்பும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் மட்டும்தான் தெரியும். ஒற்றை ரூபாய்க்கும் தனி ஏற்பாடு. கடைக் கவரில் காசைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நான் நாலு அடுக்கு அட்டையில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, காசு மேலே துருத்தாமல் அதற்குள் உட்காரும்படி செய்தேன். விரலால் அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே பத்து தடவை எடுத்து எடுத்து வைத்தேன்.

மிச்சம் இருந்தது பெயர் எழுதுவது. ஒரு துணுக்கில் ஜெல் பேனாவால் எழுதிப் பார்த்தேன். மை நார் வழியே கசிந்து, என் பெயரின் முதல் எழுத்துக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்துவிட்டது. பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் கசியாது. தெரியும். ஆனால் இவ்வளவு செய்துவிட்டு, கோலத்துக்குப் பக்கத்தில் அஞ்சு ரூபாய் பேனாவால் கிறுக்குவதா? உள்ளே இரண்டாவதாக ஒரு பை வைத்து, வழுவழு அட்டையில் வாழ்த்தும் பெயரும் எழுதி அதற்குள் செருகிவிட்டேன். பணம் முன் பையில், பெயர் பின் பையில். கவருக்கு வெளியே கோலத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. அதைத்தான் அன்றைக்கு ரசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடி அறை

வரவேற்பு முடியும்போது ராத்திரி பதினொன்று. திண்டுக்கல்லில் ஒரு மண்டபம், மாடியில் மணமகள் அறை. கட்டிலில் புடவைப் பெட்டிகள், மூலையில் வாடிய மல்லிகை, தரையில் பாய். தோழியின் சித்தப்பா இரண்டு ஜவுளிக்கடைப் பைகளைக் கவிழ்த்தார். கவர்கள் சரிந்து விழுந்தன. ஒருவர் கிழிக்க, ஒருவர் எண்ண, சித்தப்பா நோட்டில் எழுத, நானும் ஒரு பையனும் காசுகளைப் பிய்த்து எவர்சில்வர் தூக்கில் போட்டோம். மேடையில் எவ்வளவு நிதானமாக, சிரித்து, போட்டோவுக்கு நின்று கொடுத்த கவர்கள்! இங்கே ஒன்றுக்குப் பத்து விநாடி. இடது கையில் பிடி, மேல் ஓரத்தைக் கிழி, ஊது, நோட்டை உருவு, பெயரைப் படி, கவரை மூட்டைக்குள் எறி.

"இது பின் அடிச்சிருக்குடா, பாத்துக் கிழி!" என்று நடுநடுவே கூப்பாடு. கவர் வாயை ஸ்டேப்ளரால் மூடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நோட்டில் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கே சொல்லியாகிவிட்டது, மொய் வைக்கிறவர்களுக்கு யார் சொல்வது.

என் கவர் வந்தது. கிழிக்கிறவர் ஒரு கணம் நின்றார், அது உண்மை. "நல்லாருக்கே" என்றார். அப்புறம் மேல் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். துணிக் காகிதம் லேசில் கிழியாது, நார் நீளம். இரண்டாவது இழுப்பில் கோலத்துக்குக் குறுக்கே போனது. நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அசங்காமல் உட்கார்ந்திருந்த ஒற்றை ரூபாயைப் பையன் நகத்தால் நெம்பி எடுத்தான். 'டக்' சத்தம் வரவில்லை.

"பேரு?"

முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். "பேரில்ல சித்தப்பா."

பெயர் இல்லாத கவர் என்றால் அந்த அறையில் வேலை நின்றுவிடும். கவர் கைக்குக் கை சுற்றும். கையெழுத்து யாருடையது, கவரில் ஏதாவது கடைப் பெயர் அச்சாகியிருக்கிறதா, யார் இந்த மாதிரி வைப்பார்கள் என்று ஒரு விசாரணை. "இது யாரோ பெரிய இடம்" என்றார் ஓர் அத்தை. "மாப்பிள்ளை ஆபீஸ்காரங்க பெங்களூர்ல இருந்து வந்தாங்கல்ல, அவங்களா இருக்கும்." எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கவர் என் கைக்கும் வந்தது. நானும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தேன்.

ஏன் சொல்லவில்லை? இதை நான் நிறைய யோசித்துவிட்டேன். 'இது நான் வைத்தது' என்றால் தொகையையும் சேர்த்துச் சொல்வதுபோல ஆகிவிடும் என்ற கூச்சம் பாதி. மீதிப் பாதி, அன்று சாயங்காலம்தான் அதே அத்தையிடம் என் போனில் இருந்த கவர், அட்டை போட்டோக்களையெல்லாம் வரிசையாகக் காட்டி, "பாத்துப் பாத்துச் செய்வேன் அத்தை" என்று அளந்திருந்தேன். பார்த்துப் பார்த்துச் செய்தவள் பெயர் போட மறந்தாள் என்று எந்த வாயால் சொல்ல? சித்தப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பச்சைப் பேனாவால் அந்த வரியை எழுதினார். கவர் மூட்டைக்குப் போனது, பின் பையில் என் பெயர் பத்திரமாக இருக்க.

எழுதுகிறவருக்கு என்ன வேண்டும்

மறுநாள் காலை முகூர்த்தம் முடிந்து, பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை. சாம்பார் வருவதற்குள் கேட்டுவிட்டேன். "சித்தப்பா, மொய்க் கவர்ல பேரு எங்க இருந்தா உங்களுக்கு வசதி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முப்பது வருஷமாகச் சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டு விசேஷத்திலும் மொய் எழுதுகிறவர் அவர். இந்தக் கேள்வியை இதற்குமுன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மேல இடது பக்கம்மா. கவரைப் பிடிச்சா பெருவிரல் கீழ இருக்கும், அங்க எழுதினா மறைஞ்சுரும். மொதல்ல ஊரு, அப்புறம் இனிசியலோட பேரு. இனிசியல் இல்லாம முருகேசன்னு எழுதி வச்சா நான் எந்த முருகேசனுக்குத் திருப்பிச் செய்யறது? எங்க சொந்தத்துலயே ஏழு முருகேசன்."

அப்புறம் அவரே தொடர்ந்தார். "எங்க ஊர்ப் பக்கம் இந்தக் கவரே கிடையாதும்மா. ரூபாயக் கையில குடுப்பான், பேரச் சொல்லுவான், எழுதி முடிச்சு நான் உரக்கப் படிப்பேன். தப்பா இருந்தா அங்கயே சண்டை போட்டுட்டுப் போவான். உங்க ஊர்லதான் மூடி வச்சுக் குடுக்குறீங்க."

இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது, நான் அணை கட்டவில்லை. அவர் சொன்னது அவ்வளவு எளிமையான விஷயம். பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தில் மைக்கில் பெயர் சொல்கிறார்கள். இப்போது சில ஊர்களில் மொய் மேஜையில் கம்ப்யூட்டர் வைத்து ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். மொய் என்பது எழுதப்பட வேண்டிய கணக்கு, நாளைக்குத் திரும்பிப் போக வேண்டிய பணம். அதைக் கவருக்குள் போடும்போது தொகையை மறைக்கலாம், பெயரை மறைக்கக் கூடாது. நான் இரண்டையும் சேர்த்து மறைத்துவிட்டு, வெளியே கோலம் போட்டிருந்தேன். வாங்குகிற பெண்ணை நினைத்துச் செய்ததாக என் எண்ணம். அவள் அதைப் பார்த்தது மேடையில், இன்னொரு கைக்கு மாற்றுவதற்குள் அரை விநாடி. அந்தக் கவரை உண்மையில் வாங்கிக்கொள்கிறவர் ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா. அவரை நான் நினைக்கவே இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் மாடிக்குப் போய், அறையைப் பெருக்க வந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, மூட்டையைக் கிளறி என் கவரைத் தேடி எடுத்துக்கொண்டேன். என்ன தேடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

மறுபடி அளந்தது

ஊருக்குத் திரும்பி முதல் வேலையாக என் அட்டை அச்சை எடுத்து அளந்தேன். அதுவே தப்பாக இருந்தது. 2016-க்கு முன்னால் ஒரு கடைக் கவரைப் பிரித்து வரைந்த அச்சு அது. பழைய ஐந்நூறு 167 மில்லிமீட்டர் நீளம், பழைய ஆயிரம் 177. அந்த நவம்பரில் இரண்டும் செல்லாமல் போய், புது ஐந்நூறு 150 நீளம் 66 அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. நோட்டு சின்னதாகியும் நான் பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். நோட்டு உள்ளே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்ததும், கிழிக்கிறவர் கவரை உதற வேண்டியிருந்ததும் அதனால்தான்.

புது அளவுக்கு 160 நீளம், 75 உயரம் போதும். இரண்டு முகம் சேர்ந்து 150, மேல் மூடிக்கு 45. ஏ4 தாளின் 210-க்குள் அடங்குகிறது. பக்கவாட்டில் ஒட்டுவதற்கு 15, 15. ஆக அகலம் 190. ஏ4-ன் நீளம் 297 என்பதால் 107 மில்லிமீட்டர் பட்டை மிச்சம். அதை என்ன செய்வது என்பதற்கு விடை வேறு ஒரு வேலையிலிருந்து வந்தது.

என் அத்தை மகள் அவள் ஆபீஸில் தீபாவளிக்குக் கொடுக்கும் கிஃப்ட் கார்டுகளுக்குச் சின்ன உறை கேட்டிருந்தாள். ஏடிஎம் கார்டு, கிஃப்ட் கார்டு எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவு, 85.6-க்கு 54. அந்த மிச்சப் பட்டையில் அதற்கான உறை கச்சிதமாக அமைகிறது, பக்க ஒட்டுக்கு ஏழேழு மில்லிமீட்டர்தான் கிடைக்கும், கை நிதானமாக இருந்தால் போதும். ஒரு தாளில் ஒரு மொய்க் கவர், ஒரு கார்டு உறை, குப்பைக்கு நாலு கீற்று. இந்தக் கணக்கு நேராக வந்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சம்பள உயர்வுக்குக்கூட வந்ததில்லை.

கார்டு உறையின் வாயில் ஓர் அரைவட்டம் வெட்டுவோம். பத்து ரூபாய் நாணயத்தை ஓரத்தில் பாதி வைத்து வரைந்தால் அளவு சரியாக இருக்கும். அந்த இடைவெளியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுக் கார்டை உருவிவிடலாம். பத்துப் பதினைந்து உறைக்கு அந்த அரைவட்டத்தை வெட்டியபிறகுதான், இதை ஏன் மொய்க் கவருக்கு வெட்டவில்லை என்று உறைத்தது. உருவ வழி இருந்தால் யார் கிழிக்கப் போகிறார்கள்?

மூடியைப் பசை போட்டு மூடுவதையும் விட்டுவிட்டேன். இது புதுசு ஒன்றும் இல்லை. பொங்கல் வாழ்த்து அனுப்பிய தலைமுறைக்குத் தெரியும், கவரை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது ஸ்டாம்பு கம்மி. ஒட்டிவிட்டால் முழு ஸ்டாம்பு. கரும்பும் பானையும் ஜிகினாவுமாக வாங்கிய வாழ்த்துகள், வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பூவாக நாங்களே அச்சடித்த வாழ்த்துகள், எல்லாம் செருகிய மூடியோடுதான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. பைசா மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த வழி, ஒரு கவரைக் கிழிக்காமல் திறக்கவும் உதவுகிறது. பசை குறைந்ததில் இன்னொரு லாபம், ஈரம் பட்டு அட்டை அப்பளம் மாதிரி நெளிவதும் குறைந்தது.

மேல் இடது மூலையில் மேப்லித்தோ என்கிற சாதாரண எழுதும் தாளில் ஒரு சின்னப் பட்டை ஒட்டுகிறேன். முதல் வரி ஊர், இரண்டாவது வரி இனிஷியலோடு பெயர். அஞ்சு ரூபாய் பேனாவுக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. கோலம் இப்போது வலது கீழ் மூலைக்கு, சித்தப்பாவின் பெருவிரல் மறைக்கும் இடத்துக்கு, இறங்கிவிட்டது. கொஞ்சம் வருத்தம்தான். காசுக்கான குழியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் ஓரத்தில் நகம் நுழைய ஒரு சின்ன வெட்டு மட்டும் சேர்த்தேன்.

புதுக் கவரில் ஒன்றை இந்த வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் வைத்துவிட்டு, வெட்கத்தை விட்டு மொய் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன். எழுதுகிறவர் கவரை எடுத்தார், இரு விரலால் நோட்டை உருவினார், எழுதினார், கவரை மூட்டையில் எறிந்தார். ஐந்து விநாடி இருக்கும். கவரை அவர் பார்க்கவே இல்லை.

போன ஆவணியில் என் தம்பி கல்யாணம். அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பாய், எங்கள் வீட்டுத் தூக்கு, எங்கள் நோட்டு. எழுதுவது நான். திண்டுக்கல்லில் இருந்து தோழியின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். தோழி பிரசவத்துக்கு இருந்ததால் வரவில்லை. அவர்கள் கவர் வந்தது. சாதாரணக் கடைக் கவர், மேல் இடது மூலையில் ஊர், அடுத்து இனிஷியலோடு பெயர், பால்பாயின்ட் பேனா. சித்தப்பாவின் சொந்தக்காரர்கள் அல்லவா. விசேஷத்துக்குக் கிளம்புமுன் அந்த வீட்டில் நோட்டைப் புரட்டி, நம் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கவர் போடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"501" என்றான் எண்ணிக்கொண்டிருந்தவன்.

அம்மா நிமிர்ந்தாள். "நீ அவ கல்யாணத்துக்கு எவ்வளவு வச்ச?"

"எழுதிக்கிட்டு இருக்கேம்மா, தொந்தரவு பண்ணாத" என்றேன்.